ஜுரமா, மூளை கிளப்பும் புயலா? – வாசகர் கேள்வி பதில்

தலையில் பலத்த அடிபட்டு, ஐ.சி.யூ.வைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டவர்களின் உடல் சூடு, வியர்வை, பிரஷர் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் வடசென்னைக் கடிதங்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பைக்கில் போகும்போது லாரி இடித்துத் தலையில் அடி. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கழுத்தில் டியூப், மூக்கில் டியூப், யூரின் டியூப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறான். இன்னும் பேச்சில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திடீரென்று உடம்பு கொதிக்கிறது, தலையணை நனைகிற மாதிரி வியர்வை, மூச்சு வாங்குகிறது, கை கால் விறைத்து முறுக்குகிறது. அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் உள்ள டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் மாற்றுகிறார். அக்கம்பக்கத்தில் காத்து கருப்பு என்கிறார்கள். இது என்ன?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சூடு, வியர்வை, மூச்சு வாங்குதல், விறைப்பு எல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக அடங்குகின்றன. கிருமியால் வரும் ஜுரம் பொதுவாக இப்படி அரை மணி நேரத்தில் வந்து போவதில்லை. வார்டில் இதை ‘ஸ்டார்மிங்’ என்பார்கள். புயல் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவப் பெயர் ‘பாராக்ஸிஸ்மல் சிம்பதெடிக் ஹைப்பர்ஆக்டிவிட்டி’, சுருக்கமாக பி.எஸ்.எச். வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை நிபுணர் 1929-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, ஒரு வகை வலிப்பு என்று நினைத்தார். பிறகு ஆளுக்கொரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். நிபுணர்கள் கூடிப் பேசி இந்த ஒரே பெயரை வைத்தது 2014-ல்தான். அதனால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டிஸ்ஆட்டோனோமியா’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம், பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகள் உடம்பில் நிறைய: இதயத் துடிப்பு, ரத்தக் குழாயின் இறுக்கம், வியர்வை. ஆபத்து என்று தெரிந்தால் இவற்றை முடுக்கிவிடும் நரம்புக் கூட்டம்தான் சிம்பதெடிக். அதை அளவோடு வைத்திருப்பது மூளையின் மேல் பகுதிகளிலிருந்து இறங்கும் நரம்பு இழைகள். மோதிய வேகத்தில் மூளை உள்ளுக்குள் முறுகும்போது அந்த இழைகள் அறுபடுகின்றன. அப்புறம் தண்டுவடத்துக்கு வரும் சின்னச் சின்னச் செய்திகூட ஆபத்துச் செய்தியாகிவிடுகிறது. கொசு கடித்தால் நமக்குச் சொறியத் தோன்றும். உங்கள் மகனின் உடம்போ வீடே தீப்பிடித்த மாதிரி அலறும்.

டாக்டர்கள் இதை ஆறு விஷயங்களை வைத்து அளக்கிறார்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 100 முதல் 1, 120 முதல் 2, 140 முதல் 3 மதிப்பெண். மூச்சு 18, 24, 30 என்ற படிகளிலும், மேல் பிரஷர் 140, 160, 180 என்ற படிகளிலும், சூடு 37, 38, 39 டிகிரி செல்சியஸ் என்ற படிகளிலும் இதே மாதிரி ஏறும். வியர்வைக்கும் விறைப்புக்கும் கண்ணால் பார்த்து மதிப்பெண். இதோடு வேறு சில சாட்சிகளையும் கூட்டி, மொத்தம் 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பி.எஸ்.எச்.ஆக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். கணக்கு டாக்டருடையது. நீங்கள் செய்ய வேண்டியது, புயல் வரும்போது ஒரு நோட்டில் மணி, நாடி, மூச்சு, சூடு, அதற்கு முன் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுவது. ஒரு தடவை செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோவும் எடுத்துவிடுங்கள். வலிப்பா, புயலா என்று டாக்டருக்குப் பிரித்துச் சொல்ல அந்த வீடியோ பெரிய உதவி. சந்தேகம் தீராவிட்டால் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்பார்கள்.

புயல் கிளம்பியதும் மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள். முதலில் கட்டிலைத் தேடுங்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தூண்டிவிட்ட காரணம் உள்ளேயே இருந்தால் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும்.

போர்வையை முழுக்க விலக்குங்கள். யூரின் டியூப் எங்கே போகிறது என்று தொடங்கும் இடத்திலிருந்து பை வரை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். பல வீடுகளில் அது தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருக்கும். பை மூன்று மணி நேரமாக அதே அளவில் நிற்கும். அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே விரல்களை வைத்து அமுக்கினால் பந்து மாதிரி ஒன்று தட்டுப்படும். மடிப்பை எடுத்துவிட்டதும் பை நிறையும், கொஞ்ச நேரத்தில் நாடியும் இறங்கும். மடிப்பில்லாமல் அடைத்திருந்தால் நர்ஸை வைத்து டியூப்பை மாற்றத்தான் வேண்டும். நீங்களே சிரிஞ்சால் அழுத்தித் தண்ணீர் விடாதீர்கள்.

யூரின் சரி என்றால் அடுத்தது மலம். மூன்று நாள் ஆகியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகப் போகிறதே என்று ஏமாறாதீர்கள், கெட்டியாக அடைத்ததைச் சுற்றித்தான் அது கசிகிறது. பிறகு ஒருபக்கமாகத் திருப்பி, வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தலையின் பின்பக்கம் நான்கையும் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழுத்து டியூப்பின் நாடாவுக்குள் ஒரு விரல் நுழைகிறதா, கை காலுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய ஸ்பிளின்ட் எங்காவது அழுத்துகிறதா, கால் கட்டை விரல் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, மூடாத கண் காய்ந்து சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சக்‌ஷன் போடுவதும் புயலைக் கிளப்பும். கழுத்து டியூப்பிலிருந்து சளியை உறிஞ்சும் நேரம் ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். நடுவில் ஒரு நிமிடமாவது மூச்சு விடட்டும். உறிஞ்சும் குழாயின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: கழுத்து டியூப்பின் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 8-ம் நம்பர் டியூப்புக்கு 12, 7-க்கு 10. அதைவிடத் தடித்தது போட்டால் உள்ளே காற்றையும் சேர்த்து இழுத்து மூச்சைத் திணற வைக்கும்.

விறைப்பின்போது கை கால்களைப் பலம் கொடுத்து மடக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மெதுவாகச் சேர்த்து மடக்கினால் நீட்டும் விறைப்பு உடையும். டி.வி.யை நிறுத்துங்கள். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஒரு எச்சரிக்கை. புயல் வருகிறவருக்கு நோய்த்தொற்றும் வரும், தொற்றே புயலையும் கிளப்பும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், ஆக்சிமீட்டர் அளவு வழக்கத்தைவிட இறங்கினால், யூரின் கலங்கி நாறினால், இரண்டு புயலுக்கு நடுவிலும் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வராவிட்டால் அது புயல் மட்டுமல்ல. ரத்த அணுக்கள், சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்), யூரின் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் என்று கேளுங்கள். கல்ச்சருக்கு எடுக்கும் முன் மருந்து ஆரம்பித்தால் கிருமி எது என்றே தெரியாமல் போகும். மழைக்காலமாக இருந்தால் டெங்குவையும் மறக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம், அதுவும் சூட்டைக் கிளப்பும். இடுப்பு மூட்டு ஒரு பக்கம் வீங்கி, சூடாக, மடக்க முடியாமல் இருந்தால் தசைக்குள் எலும்பு வளர்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

காத்து கருப்பு என்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வேப்பிலை கட்டிலின் தலைமாட்டில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சாம்பிராணிப் புகையை மட்டும் கழுத்தில் டியூப் உள்ளவர் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வரும் இந்தப் புயலுக்கு ப்ரொப்ரனலால், கபாபென்டின், பேக்லோஃபென் கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் “இது பிரஷர் மாத்திரை, அது நரம்பு வலி மாத்திரை, ஜுரத்துக்கு இல்லையே” என்றார்கள். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன், நிலைமை மோசமாகிவிட்டது. நான் தப்பு செய்துவிட்டேனா?
– மகன், திருவொற்றியூர்

தம்பி, மெடிக்கல் ஷாப்காரர் சொன்னது அந்த மாத்திரைகளின் வழக்கமான வேலை. இங்கே கொடுத்த காரணம் வேறு. ப்ரொப்ரனலால் சிம்பதெடிக் நரம்புகள் விடும் ரசாயனம் இதயத்தில் ஒட்டாமல் தடுக்கும். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் போகும். அதனால்தான் இதே குடும்பத்தின் மற்ற மாத்திரைகளைவிட இதை விரும்புகிறார்கள். கபாபென்டின், தொடுவதைக்கூட வலியாக எடுத்துக்கொள்ளும் தண்டுவடத்தை அமைதிப்படுத்தும். பேக்லோஃபென் விறைப்புக்கு. குளோனிடின், புரோமோக்ரிப்டின் கொடுப்பவர்களும் உண்டு.

நிறுத்தியதுதான் தவறு. ப்ரொப்ரனலாலைத் திடீரென்று விட்டால் நாடியும் பிரஷரும் எகிறும். குளோனிடினும் அப்படியே. பேக்லோஃபென் இன்னும் மோசம்: திடீரென்று விட்டால் கடும் விறைப்பு, ஜுரம், அரிப்பு, குழப்பம், வலிப்புகூட வரலாம். பார்ப்பதற்கு அசல் புயல் மாதிரியே இருக்கும். ஆகவே டப்பாவில் ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள். குறைக்க வேண்டுமானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ப்ரொப்ரனலால் கொடுக்கும் முன் மணிக்கட்டில் ஒரு நிமிடம் முழுதாக நாடி எண்ணுங்கள். 60-க்குக் கீழே இருந்தாலோ மேல் பிரஷர் 100-க்குக் கீழே இருந்தாலோ அந்த வேளை கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்ததா? இருந்தால் அதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கும். சர்க்கரைக்கு ஊசி போடுபவராக இருந்தால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும்.

மூக்கு டியூப்பில் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பொடித்து, தண்ணீரில் கலந்து விட்டு, நடுவிலும் முடிவிலும் 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., டி.ஆர்., எல்.ஏ. என்றிருக்கும் மாத்திரையையோ கேப்ஸ்யூலையோ பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும்: காலையில் நாடி விழும், மாலையில் மருந்து தீர்ந்து புயல் வரும். “சாயங்காலம் மட்டும் வருகிறது” என்று எழுதுகிறவர்கள் முதலில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ராத்திரி கத்துகிறார் என்று ஹாலோபெரிடால், வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடு என்று யாராவது எழுதினால், “இவருக்குத் தலைக்காயம், புயல் வருகிறது” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மூளையில் டோபமைனைத் தடுக்கும் இந்த மருந்துகள் சிலருக்கு விறைப்பையும் சூட்டையும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கேள்வி: எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அண்ணனுக்கு அடிபட்டு ஆறு மாதம் ஆகிறது. மதியம் ஆனால் 102, 103 டிகிரி. வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கிடக்கிறது. பாராசிட்டமால் கேட்கவில்லை. ராத்திரி தானாக 99-க்கு வந்துவிடுகிறது. காசிமேட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வைக்கலாமா?
– தங்கை, வியாசர்பாடி

வேண்டாம். மீனுக்கு உடைக்கும் ஐஸ் உடம்பில் வைக்கிற சுத்தத்தில் இருக்காது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம்: ஐஸ் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வழி அடைபடும். நடுக்கம் வந்தால் தசைகள் இன்னும் சூட்டை உண்டாக்கும். தோல் வெளியே சில்லென்றும் உள்ளே கொதித்துக்கொண்டும் இருக்கும்.

உங்கள் அண்ணனுக்கு நடப்பது முதல் கடிதத்தில் இருக்கும் புயல் இல்லை. மூளையின் அடியில் பாதாம் பருப்பளவு உள்ள ஹைப்போதலாமஸ்தான் உடம்பின் சூட்டைச் சமன் செய்கிறது. கிருமி வந்தால் ‘அளவை 102-க்கு ஏற்று’ என்று அதற்கு ஒரு ரசாயனச் செய்தி போகும். பாராசிட்டமால் அந்தச் செய்தியைத்தான் தடுக்கிறது. ஹைப்போதலாமஸே அடிபட்டிருந்தால், அல்லது உடம்பால் வியர்க்க முடியாவிட்டால், தடுக்கச் செய்தியே இல்லை. அதனால்தான் மாத்திரை கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 50 கிலோவுக்கு மேல் உள்ளவருக்கும் ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்சம், படுத்த படுக்கையாக மெலிந்தவருக்கு அதைவிடக் குறைவு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது.

மதியம் ஏறி ராத்திரி இறங்குகிறது என்பதால் அறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நல்ல உடம்புக்காரர் சூடு தாங்காமல் வாசலுக்குப் போய் உட்காருவார், இவரால் முடியாது. அண்ணன் படுத்திருக்கும் உயரத்தில் ஒரு அறை வெப்பமானியைத் தொங்கவிட்டு மதியம் 2 மணிக்குப் பாருங்கள். கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளை பெயின்டோ அடித்தால் உள்ளே வித்தியாசம் தெரியும். அடிக்க ஏறுகிறவர் ஷீட்டின் மேல் மிதிக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். ஷீட்டுக்கு அடியில் ஒரு அடி இடைவெளி விட்டுத் துணிப் பந்தல் கட்டுவது செலவு குறைந்த வழி. கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். முதுகுக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்திருந்தால் அதன் மேல் கனமான பருத்தித் துணி போடுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையான ஆல்ஃபா பெட்டின் பிளாஸ்டிக்கும் அப்படித்தான், சூட்டைப் பிடித்து வைக்கும்.

அடுத்து, மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள். வாயில் எச்சில் ஊறுவதைக் குறைக்க கிளைகோபைரோலேட், விறைப்புக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், வலிப்புக்கு டோபிராமேட் – இவற்றில் ஒன்று இருந்தாலும் வியர்வை குறையலாம். இரண்டு இருந்தால் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வரும். சீட்டைக் காட்டி “வியர்க்கவில்லை, இதில் எதை மாற்றலாம்?” என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

குளிர வைக்கும் முறை இது. குழாய்த் தண்ணீர் மதியம் சுடும்; காலையிலேயே இரண்டு குடம் பிடித்து நிழலில் வையுங்கள். 101-ஐத் தாண்டியதும் உடைகளை எடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மார்பு, வயிறு, தொடை மேல் விரியுங்கள். கழுத்தின் இரு பக்கம், அக்குள், தொடை இடுக்கில் மடித்த ஈரத்துணி. டேபிள் ஃபேனைக் கால்மாட்டிலிருந்து உடம்பின் மேல் ஓடவிடுங்கள். சென்னையின் புழுக்கத்தில் ஈரம் தானாகக் காயாது. காற்று ஓடாமல் ஈரத்துணி போடுவது வெந்நீர்ப் போர்வை போர்த்துவதுதான். பத்து நிமிடத்துக்கொரு முறை துணியை மாற்றுங்கள். 100.5-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குப் பிறகும் கொஞ்சம் இறங்கும். நடுவில் மயிர்க் கூச்செறிந்தாலோ தாடை நடுங்கினாலோ துணியை எடுத்துவிட்டு ஃபேனைக் குறையுங்கள். கரன்ட் போனால் அட்டையோ முறமோ எடுத்து விசிறத்தான் வேண்டும், இதற்கு ஆள் முறை போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர்: 60 கிலோ எடையுள்ளவருக்கு டியூப் உணவில் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர். சூடு ஏறும் நாட்களில் கூடுதலாக அரை லிட்டர் வரை வேண்டியிருக்கும். இதயமோ கிட்னியோ பலவீனமானவருக்கு டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. வெறும் தண்ணீரையே ஊற்றினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம், கூடுதல் தண்ணீரில் ஒரு பகுதி ஓ.ஆர்.எஸ்.ஆக இருக்கட்டும். யூரின் நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் நிறமில்லாமல் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தால் அது வேறு கோளாறு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் குறைந்திருக்கலாம். அதனால் உப்பு ஏறினாலும் சூடு வரும். சோடியம் பரிசோதனை அன்றைக்கே தேவை.

கேள்வி: எந்த தெர்மாமீட்டர் சரி? நெற்றியில் காட்டுவது ஒரு அளவு, அக்குளில் ஒரு அளவு.
– பெரம்பூர் வாசகர்

அக்குளில் வைக்கும் டிஜிட்டல் போதும். வியர்வையைத் துடைத்து, முனை குழிக்குள் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். பீப் வந்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். உள் சூடு இதைவிடச் சுமார் 1 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம் இருக்கும். நெற்றித் துப்பாக்கி ஈரத்துணி வைத்த நெற்றியிலும் வியர்த்த நெற்றியிலும் பொய் சொல்லும். வாயில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், கடித்துவிடுவார்.

கேள்வி: எல்லோரும் சூடு என்கிறார்கள். என் கணவருக்கு நேர்மாறு. மார்கழியில் 95 டிகிரி, மற்ற நாளில் 96. கை கால் சில்லென்று இருக்கிறது, முகம் ஊதியிருக்கிறது, எப்போதும் தூக்கம். ‘தலைக்காயம் என்றால் அப்படித்தான்’ என்கிறார்கள். தைராய்டு டெஸ்ட் நார்மல்.
– தண்டையார்பேட்டை

‘அப்படித்தான்’ என்று விடக் கூடாத கடிதம் இது, சகோதரி. ஹைப்போதலாமஸின் பின்பகுதி அடிபட்டால் உடம்பு சுற்றியிருக்கும் சூட்டுக்கே போய்விடும் என்பது உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் மருந்து கொடுத்துச் சரி செய்யக்கூடிய காரணங்களைத் தாண்ட வேண்டும்.

உங்கள் கையிலிருக்கும் ரிப்போர்ட்டைப் பாருங்கள். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் போட்டிருக்கிறதா? தைராய்டு சுரப்பியே பழுதானால் டி.எஸ்.எச். ஏறும், அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். தலைக்காயத்தில் பழுதாவது மேலே டி.எஸ்.எச்.சை அனுப்பும் பிட்யூட்டரி. அப்போது டி.எஸ்.எச். நார்மலாகவே காட்டக்கூடும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைந்திருக்கும். எனவே ஃப்ரீ டி4-ம், காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனும், சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஹார்மோனும் குறைவாக இருந்தால் முதலில் கார்டிசாலுக்கான ஸ்டீராய்டு, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உடம்பு நிலைகுலைந்துவிடும். விரல் நுனியில் சர்க்கரையும் ஒரு தடவை பாருங்கள்.

திடீரென்று 95-க்கு இறங்கி, ஆளும் மந்தமானால் கடுமையான நோய்த்தொற்றாகவும் இருக்கலாம். ஜுரம் வந்தால்தான் தொற்று என்பதில்லை. வெந்நீர் பாட்டில், ஹீட்டிங் பேட் வைக்காதீர்கள். சொல்லத் தெரியாதவரின் தோல் வெந்துபோன பிறகுதான் நமக்குத் தெரியும். குல்லா, சாக்ஸ், இரண்டு மெல்லிய போர்வை போதும்.

கேள்வி: பிசியோதெரபியில் எழுப்பி உட்கார வைத்தால் தம்பி வெளுத்துப்போய்க் கண் சொருகுகிறான். நிறுத்திவிடவா?
– ராயபுரம்

நிறுத்த வேண்டாம், மெதுவாக்குங்கள். வாரக்கணக்கில் படுத்திருந்த உடம்பு, எழுந்ததும் கால் பக்கம் இறங்கும் ரத்தத்தை மேலே தள்ள மறந்துவிடுகிறது. படுக்கையில் பிரஷர் பாருங்கள், உட்கார்ந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணம். முதல் நாள் தலைமாட்டை 30 டிகிரி, தாங்கினால் 45, பிறகு 60 என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம். எழுப்பும் முன் தொடை வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், வயிற்றைச் சுற்றி பெல்ட். டியூப்பில் உணவு விட்ட ஒரு மணி நேரத்துக்குள் எழுப்பாதீர்கள். ப்ரொப்ரனலால், குளோனிடின் கொடுத்த உடனேயும் வேண்டாம். கண் சொருகினால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டும்? வீட்டுக்கே வந்து பார்க்க யாராவது உண்டா?
– எண்ணூர்

சூடு 104 டிகிரியைத் தொட்டு, குளிர வைத்தும் அரை மணியில் இறங்காவிட்டால். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால். சக்‌ஷன் போட்ட பிறகும் ஆக்சிஜன் 90-க்கு மேலே வராவிட்டால். கண்ணின் கருமணி இரண்டும் வேறு வேறு அளவில் தெரிந்தால், வாந்தியோடு நினைவு மங்கினால். மண்டை ஓட்டின் துண்டை எடுத்திருக்கும் இடம் வழக்கமாகக் குழிந்தோ மெத்தென்றோ இருக்கும், அது உப்பிக் கல் மாதிரி ஆகிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வழக்கமாக அரை மணியில் அடங்கும் புயல் இரண்டு மணி நேரம் ஓடினாலும் அப்படித்தான். வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். புறப்படும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, அந்த ஐந்து கட்ட நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நீண்டகாலப் பயிற்சிக்கு கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

கேள்வி: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினால் சூடு தணியும் என்கிறார் மாமியார். செய்யலாமா?
– மருமகள், பழைய வண்ணாரப்பேட்டை

கழுத்தில் டியூப் இருக்கும்வரை தலைக்கு ஊற்றவே கூடாது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். மாமியாருக்கும் வேலை கொடுங்கள்: தையல் ஆறிய பிறகு, எலும்பு எடுத்த இடத்தைத் தொடாமல், உள்ளங்கால், முதுகு, கைகளில் மெல்லிசாக எண்ணெய் தடவட்டும். சிவந்த இடங்களில் தேய்க்க வேண்டாம். அரை மணி கழித்து, உங்கள் முழங்கையில் விட்டால் சூடும் குளிர்ச்சியும் தெரியாத வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாகத் துடைத்து, துடைத்த இடத்தை உடனே மூடிக்கொண்டே போங்கள். மொத்த உடம்பையும் திறந்துபோட்டுச் சில்லென்று துடைத்தால் அதுவே ஒரு புயலைக் கிளப்பும். வலி மாத்திரை இருந்தால் துடைப்பதற்கு முக்கால் மணி முன்னால் கொடுத்துவிடுங்கள். நாடி 120-ஐத் தாண்டினால் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைச் சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம்.